ஏலக்காய் விற்ற பணத்தைச் செல்போன் திருடர்களிடமிருந்து காப்பது எப்படி?

ஏலக்காய் விவசாயிக்குப் பணம் வருவது மாதச் சம்பளம் போன்றதல்ல. ஒரு எடுப்பு முடிந்தால் அடுத்த எடுப்புக்கு 30 முதல் 45 நாட்கள் காத்திருக்க வேண்டும். பச்சைக் காய் ஐந்து கிலோவை ஸ்டோரில் உலர்த்தினால் ஏறக்குறைய ஒரு கிலோ காய்ந்த காய் தேறும். அதைச் சலித்துத் தரம் பிரித்து, ஏல மையத்திற்கு அனுப்பி, லாட் விலை போய், பணம் வங்கிக்கு வந்து சேர வேண்டும். வந்து சேருகிற அன்று ஒரே கணக்கில் லட்சக்கணக்கில் பணம் நிற்கும். ஆள் கூலி, உரம், மருந்து, ஜீப் வாடகை, கடன் தவணை அத்தனையும் அதிலிருந்துதான் போக வேண்டும். திருடனுக்கும் அந்த நாள்தான் நல்ல நாள்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் முன்பு வாய்மொழியாக நடந்து வந்தது. 2007-ம் ஆண்டில் நறுமணப் பொருள் வாரியம் இங்கே மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து விலை கேட்கும் முறை வந்தது. 2021-ல் போடி, புத்தடி ஆகிய இரு மையங்களும் இணைய வழியில் ஒன்றாக இணைக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் உச்ச விலை கிலோ ரூ.7,000-ஐத் தொட்டபோது, அந்த விலை மலையிலுள்ள ஒவ்வொரு தோட்டக்காரரின் செல்போனுக்கும் உடனே போய்ச் சேர்ந்தது. இதிலெல்லாம் விவசாயிக்கு நன்மைதான். ஆனால் விற்ற பணமும் அதே செல்போன் வழியாகவே வருகிறது, போகிறது. முன்பு பணத்தை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். பக்கத்தில் நிற்பவன் முகமாவது தெரிந்தது. இப்போது திருடன் ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறான்.

2024-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் இப்படி ஏமாற்றுக்காரர்களிடம் மக்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். ஓய்வு பெற்ற அதிகாரிகள், டாக்டர்கள், பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லாம் இழந்திருக்கிறார்கள்.

இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்

முதலில் செய்ய வேண்டியது இதுதான். செலவில்லாததும் இதுதான். ஏலப் பணம் வந்து சேர ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும். அந்தக் கணக்கை ஜி பே, போன் பே போன்ற எந்த யு.பி.ஐ. செயலியிலும் இணைக்க வேண்டாம். அதற்கு ஏ.டி.எம். கார்டும் வேண்டாம். வாங்கியிருந்தால் இணையத்தில் பயன்படுத்தும் வசதியை வங்கியில் சொல்லி நிறுத்தி விடலாம். அன்றாடச் செலவுக்கு வேறொரு கணக்கு வைத்து, வாரம் ஒருமுறை தேவையான தொகையை மட்டும் வங்கிக்குப் போய் அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். யு.பி.ஐ. இந்த இரண்டாவது கணக்கில் மட்டும் இருக்கலாம்.

இப்படிச் செய்தால் செல்போன் திருடன் கைக்கே போனாலும் அந்த வாரத்துச் செலவுப் பணம்தான் போகும், எடுப்புப் பணம் போகாது. வங்கிக்கு நடக்க வேண்டியிருக்கிறதே என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். காய்ந்த காய் வைத்திருக்கும் அறைக்கும் சமையலறைக்கும் ஒரே சாவி போட்டு அதை வாசலில் தொங்க விடுகிறோமா?

வங்கியில் கொடுத்திருக்கும் போன் நம்பர் யாருடையது என்பதையும் பாருங்கள். பல பெரியவர்கள் மகன் நம்பரையோ, கணக்கு எழுதும் பையன் நம்பரையோ கொடுத்திருக்கிறார்கள். பணம் எடுக்கப்பட்ட செய்தி அவர்களுக்குத்தான் போகும். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமாகியும் நம்பர் மாறாமல் இருப்பதும் உண்டு.

அனுப்புநர் பெயரை நம்பலாமா?

நம்பக்கூடாது. ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் பெரிய தொகைகள் போவது இந்த வழியில்தான்.

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு இ-மெயில் அனுப்பும் முறையை 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் செய்து காட்டினார். அஞ்சலைக் கொண்டு சேர்ப்பதற்கான விதிமுறை 1982-ல் எழுதப்பட்டது. அன்று அதைப் பயன்படுத்தியவர்கள் ஒருவரையொருவர் அறிந்த சில ஆராய்ச்சிக்காரர்களே. ஆகவே அனுப்புகிறவர் உண்மையில் அவர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு அந்த விதிமுறையில் இல்லை. தபால் உறையின் மூலையில் அனுப்புநர் முகவரியாக எவர் பெயரையும் எழுதலாம் அல்லவா? தபால்காரர் அதைச் சரிபார்ப்பதில்லை. அதே கதைதான். பின்னால் பல காவல்களைச் சேர்த்தார்கள். போலிகள் பெருமளவு தடுக்கப்படுகின்றன. ஆனால் அசல் போலவே தோன்றும் வேறொரு முகவரியைப் பதிவு செய்து அனுப்புகிறவனை இந்தக் காவல் எதுவும் தடுக்காது. ஆங்கிலத்தில் 'எம்' என்ற சிறிய எழுத்தும், 'ஆர்', 'என்' என்ற இரு எழுத்துகள் நெருங்கி நிற்பதும் செல்போன் திரையில் ஒன்றாகவே தெரியும். ஒரு எழுத்தை இப்படி மாற்றினால் கண் பிடிக்காது.

இனி ஏலக்காய் வியாபாரத்துக்கு வருவோம். போடி வியாபாரி ஒருவர் வெளியூர்க் கொள்முதல்காரருக்குச் சரக்கு அனுப்பி, பில்லை இ-மெயிலில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். திருடன் ஏதோ ஒரு வழியில் இந்த இருவரில் ஒருவருடைய இ-மெயில் ரகசியச் சொல்லைத் தெரிந்துகொள்கிறான். உடனே எதையும் தொடமாட்டான். வருகிற அஞ்சல்களின் நகல் தனக்கும் வரும்படி அமைத்துவிட்டு வாரக்கணக்கில் படித்துக்கொண்டே இருப்பான். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதி, ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். பணம் அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள், "எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது; இந்த முறை தொகையைக் கீழ்க்கண்ட புதிய கணக்கிற்கு அனுப்பவும்" என்று ஓர் அஞ்சல் வரும். பில் அதேதான். தொகை அதேதான். கணக்கு எண் மட்டும் வேறு. கொள்முதல்காரர் நல்ல மனதோடு அனுப்பிவிடுவார். சரக்குக் கொடுத்தவர், "பணம் வரவில்லையே" என்று கேட்கும்போது பத்து நாள் கடந்திருக்கும். அந்தப் பணம் யாருடைய நஷ்டம் என்று பழகிய இருவரும் சண்டை போட்டுக்கொள்வதுதான் மிச்சம்.

இதே முறையில் 2013 அக்டோபர் முதல் 2023 டிசம்பர் வரை உலகெங்கும் சுமார் 5,500 கோடி டாலர் சிக்கியதாக அமெரிக்க எஃப்.பி.ஐ. கணக்கிட்டது.

தடுக்கும் வழி எளிது. கணக்கு எண் மாறியதாக எந்த அஞ்சல் வந்தாலும், வாட்ஸ்அப் வந்தாலும், உங்களிடம் முன்பே உள்ள பழைய நம்பரில் அந்த மனிதரைக் கூப்பிட்டு, அவர் குரலைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். வந்த அஞ்சலிலேயே கொடுத்திருக்கும் நம்பரில் கூப்பிட்டால் திருடனே எடுத்து "ஆமாம்" என்பான். சாக்கின் மேல் "8 எம்.எம்." என்று எழுதியிருந்தால் போடி வியாபாரி அப்படியே எடுத்துக்கொள்கிறாரா? சாம்பிளைக் கையில் கொட்டி, நிறம் பார்த்து, காயை உடைத்து, லிட்டர் எடை போட்டுத்தானே விலை சொல்கிறார்! பணம் அனுப்பும்போதும் அந்தக் கண் வேண்டும்.

இன்னொரு உதவியும் உண்டு. வங்கி மூலம் பணம் அனுப்பும்போது முன்பெல்லாம் கணக்கு எண்ணை மட்டுமே பார்த்து வரவு வைத்தார்கள். பெயர் பொருந்தாவிட்டாலும் பணம் போய்விடும். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் அனுப்பும் முன்பே கணக்குக்காரர் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்தும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உரக்கடைக்கோ வியாபாரிக்கோ முதல்முறை அனுப்பும்போது திரையில் வரும் பெயரைப் படியுங்கள். அது வேறு பெயராக இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

வியாபாரிகள் இ-மெயிலுக்கு இரட்டைப் பூட்டுப் போட வேண்டும். அதாவது, ரகசியச் சொல்லுக்குப் பிறகு செல்போனிலும் ஓர் அனுமதி கேட்கும்படி அமைக்க வேண்டும். வாட்ஸ்அப்பிலும் ஆறு இலக்க எண் கொண்ட இத்தகைய பூட்டு உண்டு. இதைப் போடாதவர்களின் வாட்ஸ்அப்பைத் திருடிக்கொண்டு, "மாமா, அவசரமாக இருபதாயிரம் வேண்டும், சாயங்காலம் தந்துவிடுகிறேன்" என்று உறவினர்களுக்கெல்லாம் செய்தி அனுப்புகிறார்கள். மருமகன் கேட்கிறாரே என்று மாமனும் அனுப்பிவிடுகிறார்.

இணைய முகவரியைக் கடைசியிலிருந்து படியுங்கள்

பி.எம். கிசான் திட்டத்தில் தகுதியுள்ள விவசாயக் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணையாக வருகிறது. தவணை வரும் சமயத்தில், "உங்கள் பெயர் நீக்கப்பட்டுள்ளது, உடனே இதை இறக்கிக்கொள்ளவும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். அதன் பெயர் 'ஏ.பி.கே.' என்று முடிந்திருக்கும். கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதம் என்றும், வங்கிக் கே.ஒய்.சி. என்றும் வேறு வேஷங்களிலும் வருகிறது. அது படமோ கடிதமோ அல்ல, செல்போனில் குடியேறும் ஒரு செயலி. குடியேறியதும் உங்கள் எஸ்.எம்.எஸ். செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். நீங்கள் 'சரி' என்று அழுத்திவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்கள் உங்களுக்கு வருவதோடு திருடனுக்கும் போகும். நீங்கள் யாரிடமும் ஓ.டி.பி. சொல்லாமலே பணம் போவது இப்படித்தான்.

அறிந்தவரிடமிருந்து வந்தாலும் ஏ.பி.கே. கோப்பைத் தொட வேண்டாம், ஏனெனில் அவர் செல்போன் ஏற்கெனவே திருடன் கையில் இருக்கக்கூடும். தெரியாமல் திறந்துவிட்டால் உடனே செல்போனில் இணையத்தைத் துண்டித்து, வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்ல வேண்டும். அதன்பின் அந்தச் செல்போனை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து முழுவதுமாக அழித்துப் புதிதாக அமைப்பது நல்லது.

அரசு இணையதளமா, போலியா என்று அறிய ஒரு வழி: முகவரியை முன்னிருந்து படிக்காதீர்கள். முதல் ஒற்றைச் சாய்கோடு வரை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். தபால் முகவரியிலும் ஊரும் மாநிலமும் கடைசியில்தானே வருகின்றன? முதல் வரியில் போடிநாயக்கனூர் ஸ்டோர்ஸ் என்று எழுதிக் கடைசி வரியில் கல்கத்தா என்று எழுதினால் கடிதம் கல்கத்தாவுக்குத்தான் போகும். இந்திய அரசின் தளங்கள் 'ஜி.ஓ.வி. புள்ளி இன்' என்று முடியும். முன்னால் பி.எம். கிசான் என்று எத்தனை முறை இருந்தாலும் முடிவு வேறானால் அது அரசுத் தளமல்ல. வங்கிகளுக்கும் இப்படி ஒரு முடிவை ரிசர்வ் வங்கி ஏற்படுத்தியது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'பேங்க் புள்ளி இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. அந்த முடிவு வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது.

சில வார்த்தைகள் சுருக்கமாக

பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. பணம் கொடுக்க மட்டுமே அது தேவை. "முன்பணம் அனுப்புகிறேன், கியூ.ஆர். கோடு அனுப்பியுள்ளேன், ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று காய் வாங்க வருகிறவன் சொன்னால் அவன் வாங்க வந்தவன் அல்ல.

"உங்கள் செல்போனை நாங்களே சரிசெய்கிறோம்" என்று சொல்லி எனி டெஸ்க் போன்ற செயலியை இறக்கச் சொன்னால், உங்கள் திரை முழுவதும் அவனுக்குத் தெரியும் என்று அர்த்தம்.

போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி, "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்பார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதை எடுத்துச் சொன்னார். போனை வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

முன்பின் தெரியாதவருக்குக் காய் விற்று, பணம் யு.பி.ஐ.யில் வாங்கும்போதும் ஓர் ஆபத்து உண்டு. அது வேறெங்கோ திருடப்பட்ட பணமாக இருந்தால், போலீசார் பணம் போன தடத்தைப் பிடித்து வரும்போது உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். பில், எடைச்சீட்டு, வாங்கியவர் விவரம் எல்லாம் கையில் இருந்தால்தான் அதை விடுவிக்க முடியும். மாதம் இவ்வளவு தருகிறேன் என்று வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்களிடம் வீட்டுப் பையன்கள் சிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்பவன் கம்பி நீட்டிவிடுவான், வழக்கு கணக்குக்காரன் மேல்தான் வரும்.

கைரேகையும் ஆதார் நகலும்

ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை இம்மூன்றும் இருந்தால் சிறு கருவி மூலம் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். ஓ.டி.பி. கேட்காது. வங்கிக்குத் தொலைவில் இருப்பவர்களுக்கு இது நல்ல வசதி. ஆனால் கைரேகையையும் போலியாகச் செய்யலாம். 2018-ல் தெலங்கானாவில் ஒருவர், பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் இருந்த ஆவணங்களிலிருந்து கைரேகைகளை எடுத்து, ரப்பரில் அச்சு செய்து, சிம் கார்டுகளைச் செயல்படுத்தியதாகப் பிடிபட்டார். நிலம் வாங்கி விற்கும் எவருடைய ரேகையும் பத்திரத்தில் இருக்கிறது.

ஆகவே ஆதார் இணையதளத்திலோ அதன் செயலியிலோ கைரேகையைப் பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். நகல் கேட்கும் இடங்களில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். ஆட்களுக்கு வங்கியில் கூலி போடும் தோட்டக்காரர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. ஐம்பது பேரின் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் ஸ்டோர் மேஜையில் கிடக்கக் கூடாது. அவற்றைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவும் கூடாது. காய் எடுத்து எடுத்து விரல் ரேகை தேய்ந்துபோன பெண்கள் கருவியில் விரலை வைக்கும்போது ஒருமுறையில் பதியாது. "பதியவில்லை, மறுபடி வையுங்கள்" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு முறையும் பணம் எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறைக்கும் ரசீது கேட்க வேண்டும்.

மலையில் சிக்னல் இல்லாத நேரம்

நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. உங்கள் பெயரில் போலியாக வேறு சிம் கார்டு வாங்கிவிட்டால், உங்கள் செல்போன் திடீரென்று செத்துப்போகும். சென்னையில் இருப்பவர் உடனே சந்தேகப்படுவார். போடிமெட்டு ஏறித் தோட்டத்தில் இருப்பவருக்குச் சிக்னல் இல்லாதது பழகிப்போன விஷயம். சாயங்காலம் இறங்கும்வரை கவலைப்பட மாட்டார். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எனவே பக்கத்தில் நிற்பவரின் செல்போனைப் பாருங்கள். அதே கம்பெனி சிம்மில் அவருக்குச் சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், அவர் போனிலிருந்தே செல்போன் கம்பெனிக்கும் வங்கிக்கும் பேசுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதை அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். உங்களுடையதல்லாத நம்பர் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம்.

பணம் போய்விட்டால்

நேரம்தான் இதில் எல்லாம். திருடன் பணத்தை ஒரு கணக்கில் வைத்திருப்பதில்லை. சில நிமிடங்களில் நான்கைந்து கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பி ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவான். எடுக்கும் முன் தடுத்தால்தான் பணம் நிற்கும். இதற்காக மத்திய அரசு 2021-ல் தொடங்கிய ஏற்பாட்டின் தொலைபேசி எண் 1930. அங்கே சொன்னால் பணம் போன வங்கிக்குத் தகவல் போய், மிச்சமுள்ள தொகையை முடக்கி வைப்பார்கள். கூப்பிடும்போது பணம் போன நேரம், தொகை, வங்கியின் பெயர், எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்கட்டும். அவர்கள் தரும் ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முறையான புகாரையும் பதிந்துவிட வேண்டும். வெட்கப்பட்டு, மனைவியிடம் சொல்லலாமா, மகனைக் கேட்கலாமா என்று ஒரு இரவைக் கழித்துவிட்டு மறுநாள் வருகிறவர்களுக்குப் பணம் கிடைப்பது அரிது.

1930-ஐ அழைத்த கையோடு வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கி மேலும் வாடிக்கையாளர் மேலும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்து, செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்று வகுத்தது. ரகசிய எண்ணைத் தாமே சொல்லிவிட்டவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் அவர்களும்கூட, வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்குப் பொறுப்பல்ல. ஆகவே மணியைக் குறித்த ரசீது வாங்குங்கள். வந்த செய்திகளை, கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அவைதான் சாட்சி.

வீடு போடியிலும் தோட்டம் இடுக்கி மாவட்டத்திலும் இருப்பவர்கள் எந்த மாநிலத்தில் புகார் கொடுப்பது என்று குழம்ப வேண்டாம். 1930 எண் இரு மாநிலங்களிலும் ஒன்றே. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். தோட்டத்தில் இருக்கும்போது தெரியவந்தால் அருகிலுள்ள கேரளக் காவல் நிலையத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு மலை இறங்கலாம். புகார் கொடுத்த சில நாட்களில், "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் ஐயாயிரம் கட்டுங்கள்" என்று ஒரு போன் வந்தால், அந்த நம்பரையும் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.